எந்த வாசலால் வந்த தண்ணி?

காப்புறுதிக் கொம்பனியில் தொலைபேசி எடுத்த பிள்ளை மிகவும் பண்பாகத்தான் கேட்டாள். "உங்கள் பேஸ்மென்ற்றுக்குள் தண்ணீர் எந்த வழியாக வந்தது?"

நான் சாறனை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, கணுக்கால் தாழ்ந்த தண்ணீரில், ஒரு கையில் ரோச் லைற்றும் மறுகையில் தொலைபேசியுமாக நின்றுகொண்டிருந்தேன். வந்துவிட்டது, அது போதாதா என்று கேட்டேன். போதாதாம். நிலத்தில் இருக்கிற வடிகால் ஓட்டையால் மேலே கிளம்பினால் அது ஒரு தண்ணீர். யன்னலால் உள்ளே விழுந்தால் அது வேறு தண்ணீர். சுவரால் கசிந்தால் அது மூன்றாவது. முதலாவதற்கு எனக்குக் காப்புறுதி உண்டு, இரண்டாவதற்குத் தனியாகக் காசு கட்டியிருக்கவேண்டும், மூன்றாவதற்கு யாருமே பொறுப்பில்லை.

தொண்ணூறுகளில் இந்த நாட்டு விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது என்னிடமும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். எந்த வழியால் வந்தாய், இடையில் எங்கே தங்கினாய். எனக்காவது என்ன சொல்லவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லித் தர ஆட்கள் இருந்தார்கள். இந்தத் தண்ணீர் ஒருவரையும் கேட்காமல் இரண்டு வாசலால் ஒரே நேரத்தில் வந்து நின்றது.

ஊரில் எங்கள் வீட்டுக்கு நிலத்துக்குக் கீழே அறை இருந்ததில்லை. அத்திவாரத்தை இரண்டு அடி உயர்த்தி, படி ஏறித்தான் விறாந்தைக்குப் போவோம். மாரி பெய்தால் முற்றத்தில் வெள்ளம் நிற்கும், இரண்டு நாளில் சுண்ணாம்புக்கல் அதைக் குடித்துவிடும், கிணறு ஊறும், அம்மாவின் முகம் மலரும். நிலத்துக்குக் கீழே நாங்கள் தோண்டியது பங்கர் ஒன்றுதான். மேலே பனங்குற்றி, அதற்கு மேலே மண்மூட்டை. கார்த்திகை பிறந்தால் அதற்குள்ளும் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், தவளை நீந்தும். பொம்பர் சத்தம் கேட்டால் ஐயா ஒரு கணம் வாசலில் நின்று யோசிப்பார், நனைகிறதா சாகிறதா என்று. பிறகு எங்களை உள்ளே தள்ளுவார். நிலத்துக்குக் கீழே போனால் தண்ணீர் வரும் என்பது எனக்கு எட்டு வயதிலேயே தெரிந்த விஷயம். தெரிந்தும் கடன் எடுத்து வாங்கினேனே, அதுதான் ஆத்திரம்.

இங்கே பேஸ்மென்ற் இல்லாத வீடு கிடைப்பது அரிது. குளிரில் நிலம் உறைந்து உப்பி அத்திவாரத்தைத் தூக்கிவிடும் என்பதற்காக ரொறன்ரோவில் நாலு அடிக்குக் கீழேதான் அத்திவாரம் போடவேண்டும். நாலு அடி தோண்டுகிறவன் எட்டு அடி தோண்டினால் ஒரு முழு மாடி கிடைக்கும். அப்படித் தோண்டி, ஃபேர்னஸையும் சுடுதண்ணீர்த் தாங்கியையும் மின்சாரப் பெட்டியையும் அதற்குள் கொண்டுபோய் வைத்தார்கள். தமிழ்ச் சனம் வந்து மிச்சத்தை நிரப்பியது. வந்த புதிதில் நாங்கள் எல்லாரும் பேஸ்மென்ற்றில்தான் குடியிருந்தோம். பிறகு வீடு வாங்கி மேலே ஏறி, அடுத்து வந்தவருக்குக் கீழே வாடகைக்குக் கொடுத்து மோர்ட்கேஜ் கட்டினோம். மீன் பொரிக்கிற குசினி கீழே. இரண்டாவது ஃபிரீஸர் கீழே. சிவத்தப் பச்சையரிசி மூட்டை, ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூள், மகளின் நடன உடுப்புப் பெட்டி, கலியாணவீட்டு வீடியோ கசெற், ஒருவரும் எறிய விடாத ஒரு தையல் மெசின். மேலே இருப்பது வருகிறவர்கள் பார்க்கிற வீடு. நாங்கள் சீவிக்கிற வீடு கீழே இருக்கிறது.

சொந்தக்காரர் எல்லாரும் ஸ்காபரோவில் வாங்க, நான் வேலைக்குக் கிட்ட என்று விமான நிலையத்துக்குப் பக்கத்தில் எற்றோபிக்கோவில் வாங்கினேன். 1950களில் கட்டிய பழைய பங்களோ. ஆறு ஓடை பக்கத்தில் இல்லை, பார்த்துத்தான் வாங்கினேன். 1954 ஒக்ரோபரில் ஹேசல் சூறாவளி வந்து ஹம்பர் ஆறு வீடுகளை அள்ளிக்கொண்டு போனது, ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஆற்றுப் பள்ளங்களில் வீடு கட்ட விடுவதில்லை, பூங்காவாக விட்டிருக்கிறார்கள் என்று படித்திருந்தேன். நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்தேன். ஆறு வராது. ஆனால் ஆற்றுக்குப் போகவேண்டிய தண்ணீர் போக வழியில்லாமல் என் வீட்டுக் கீழ் ரொயிலெற் பக்கமாக வரும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

முதல் தடவை 2013 யூலை 8, திங்கட்கிழமை பின்னேரம். விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை, பெரும்பகுதி இரண்டு மணித்தியாலத்துக்குள். ஹேசல் சூறாவளி நாளில் பெய்ததைவிட அதிகம். டொன் பள்ளத்தாக்கில் ஒரு ரயிலே வெள்ளத்துக்குள் நின்றுவிட்டது, உள்ளே ஆயிரத்து நானூறு பேர், பொலிஸ் படகில் போய் இறக்கினார்கள். 126 மில்லிமீற்றர் என்றால் ஒரு முழத்தில் கால்வாசிதானே என்று நினைக்கத் தோன்றும். ஒரு சதுர மீற்றருக்கு 126 லீற்றர். என் கூரை 100 சதுர மீற்றர். பன்னிரண்டாயிரத்து அறுநூறு லீற்றர், ஒரு பெரிய பவுசர் தண்ணீர். என் கூரைக்கு மட்டும் அவ்வளவு. தெருவில் உள்ள ஒவ்வொரு கூரைக்கும் ஒவ்வொரு பவுசர்.

அந்த முறை தண்ணீர் நிலத்து வடிகாலால் வந்தது. முதலில் ஒரு கொப்பளிப்புச் சத்தம், யாரோ வாய் கொப்பளிப்பதுபோல. பிறகு கறுப்பாக ஒரு குமிழி. பிறகு நான் இங்கே எழுத விரும்பாதவை. பழைய வீடுகளில் மழைத்தண்ணீரும் அத்திவாரத்தைச் சுற்றி ஊறும் தண்ணீரும் கழிவுக் குழாயோடுதான் இணைத்திருக்கும் என்பதைப் பிறகு வந்த பிளம்பர் விளக்கினார். தெருக் குழாய் நிரம்பிவிட்டால் அது திரும்பி உங்கள் வீட்டுக்கு வரும், இந்தத் தெருவில் ஆகப் பள்ளமான ஓட்டை உங்களுடையது என்றார். அத்திவாரத்தைச் சுற்றிக் கிடக்கும் அந்தக் குழாய்க்கு இங்கே 'வீப்பிங் டைல்' என்று பெயர். அழுகிற ஓடு. பெயர் வைத்தவன் அனுபவஸ்தன்.

காப்புறுதி அந்தமுறை காசு தந்தது. தந்துவிட்டு, அடுத்த வருடத்திலிருந்து கழிவுநீருக்கு உச்சவரம்பு பத்தாயிரம் டொலர், முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு நீங்கள்தான் கட்டவேண்டும் என்று கடிதம் போட்டது. நானும் புத்தியாக நடப்பதாக நினைத்துக்கொண்டு மருந்து செய்தேன். கழிவுக் குழாயில் ஒரு தடுப்பு வால்வு. அழுகிற ஓட்டைக் கழிவுக் குழாயிலிருந்து வெட்டி, அதன் தண்ணீரைச் சேர்க்க மூலையில் ஒரு குழி. குழிக்குள் மிதவை வைத்த பம்ப். நகரசபை இவற்றுக்கு அந்நாளில் 3,400 டொலர் வரை உதவிப்பணம் கொடுத்தது. ரசீது எல்லாம் ஒழுங்காகக் கொடுத்து வாங்கினேன். மிச்சம் என் காசு. கூரைப் பீலித் தண்ணீரையும் குழாயிலிருந்து கழற்றிப் புல்லுக்குள் விட்டேன். பதினொரு வருடம் ஒரு சொட்டு இல்லை. கீழே புதுச் சுவர், புது லமினேற் தரை, ஒரு படிக்க வந்த தம்பி வாடகைக்கு.

2024 யூலை 16, செவ்வாய்க்கிழமை. 98 மில்லிமீற்றர். கழிவுக் குழாய் வால்வு சரியாக மூடிக்கொண்டது. பம்ப் உறுமிக்கொண்டு வெளியே தள்ளியது. நான் மேலே நின்று மனிசிக்குப் பெருமை அடித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. நகரத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. மழை வந்தால் மின்சாரம் நிற்கும், மின்சாரம் நின்றால் பம்ப் நிற்கும், மழைக்கென்றே வைத்த பம்ப். ஊரில் மழை இருட்டினால் அம்மா முதல் வேலையாக அரிக்கன் லாம்பைத் துடைத்து வைப்பா. அந்த அறிவு எனக்கு எங்கே போனதோ தெரியாது.

"அங்கிள்," கீழேயிருந்து தம்பியின் குரல். "தண்ணி கட்டில் காலைத் தொடுது."

குழி நிரம்பி வழிந்தது. அது போதாதென்று, பீலியிலிருந்து கழற்றி நான் புல்லுக்குள் விட்ட தண்ணீர் களிமண்ணில் இறங்க மாட்டாமல் யன்னல் கிடங்கில் சேர்ந்து, யன்னலின் கண்ணாடிக்கு வெளியே மீன் தொட்டிபோல ஏறியது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே யன்னல் சட்டம் உள்ளே விட்டது. தம்பி லப்டொப்பை அரிசி மூட்டைமேல் வைத்திருந்தார். நல்ல யோசனைதான். அரிசி மூட்டை கீழே ஊறிச் சரிந்தது.

அடுத்த மூன்று நாளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாளி, தும்புத்தடி, வாடகைக்கு எடுத்த விசிறிகள், ஈரம் உறிஞ்சும் மெசின், இரண்டு அடி உயரத்துக்கு வெட்டி எடுத்த ட்ரைவோல், உள்ளே ஊறிப்போன இளஞ்சிவப்புப் பஞ்சு, உப்பி எழும்பிய லமினேற். இரண்டு நாளுக்குள் காயவைக்காவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். காயவைத்தாலும் மணம் போகாது என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

அல்பங்களில்தான் நேரம் போனது. மகளின் சாமத்திய வீட்டு அல்பம், பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. மனிசி குசினி மேசையில் வைத்து, வெண்ணெய்க் கத்தியால் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்தாள். ஆலாத்தி எடுக்கிற இரண்டு மாமிமாரின் முகமும் ஒரு பக்கத்தை விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டன. தட்டு அந்தரத்தில் நிற்கிறது. ஊரிலிருந்து இடம்பெயர்ந்தபோது அம்மா ஒரு பொலித்தீன் பைக்குள் சுற்றிக் கொண்டுவந்த ஐயாவின் ஒரே படம் வேறொரு பெட்டியில் இருந்தது. வன்னி மழையில் நனையாமல் வந்த படம். அது எப்படி இருக்கிறது என்று பார்க்க நான் இன்னும் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை.

ஸ்காபரோவிலிருந்து தொலைபேசி வரத் தொடங்கியது. பெரியண்ணை: "உங்க வாங்காத எண்டு நான் அப்பவே சொன்னனான்." சொல்லவில்லை. மச்சாள்: "பேஸ்மென்ற்றில ஏன் சாமான் வைச்சனீங்கள்?" அவவின் பேஸ்மென்ற்றில் ஒரு பலசரக்குக் கடையே இருக்கிறது. இன்னொருவர் ஆறுதலுக்காக, பாடகர் ட்ரேக்கின் மாளிகைக்குள் சேற்றுத் தண்ணீர் ஓடுகிற வீடியோவை அனுப்பினார், அவருக்கே இந்தக் கதி பார் என்று. அவர் அதைத் தானே படம்பிடித்துப் போட்டிருந்தார். அவருக்கு வாடகைக்கு இருக்கிற தம்பி இல்லை என்று நினைக்கிறேன்.

நான் தொடக்கத்தில் சொன்ன அந்தக் கேள்வி, தண்ணீர் வற்றுமுன் முதல் நாளே வந்தது. எந்த வாசலால்? யன்னலால் என்று உண்மையைச் சொன்னேன். மேலிருந்து நிலம் வழியாக ஓடிவந்து நுழைகிற வெள்ளத்துக்கு 'ஓவர்லாண்ட் வோட்டர்' என்று பெயராம். கனடாவில் வீட்டுக்காரருக்கு இந்தக் காப்புறுதியே 2015இல்தான் விற்கத் தொடங்கினார்கள். எனக்கும் கடிதம் வந்திருக்கிறது. மாதம் சில டொலர் கூட. நான் அப்போது வால்வும் பம்பும் போட்டுவிட்ட செருக்கில் வேண்டாம் என்று ஒரு பெட்டியில் புள்ளடி போட்டு அனுப்பியிருக்கிறேன். அந்தப் புள்ளடியின் பிரதியை மின்னஞ்சலில் அனுப்பிவைத்தார்கள். என்னுடைய கையெழுத்துத்தான், வடிவான கையெழுத்து.

குழி நிரம்பி வழிந்ததற்குக் காப்புறுதி உண்டு, யன்னலால் வந்ததற்கு இல்லை என்றால், இரண்டும் தரையில் கலந்துவிட்டதே, எப்படிப் பிரிப்பது? அதற்கு ஓர் ஆள் வந்தார். சுவரில் கறை உயரத்தை அளந்தார், படம் எடுத்தார், தம்பியிடம் எந்தத் தண்ணீரை முதலில் கண்டீர் என்று விசாரித்தார். தம்பி நித்திரையில் இருந்தவர். கால் நனைந்துதான் எழும்பினவர். அந்தக் கால் எந்தப் பக்கத்துக் கால் என்று கேட்காததுதான் குறை. இரண்டு கிழமையில் தம்பி பிரம்டனில் ஒரு மேல்மாடி அறைக்குப் போய்விட்டார். போகும்போது, "குறை நினைக்காதேங்கோ அங்கிள்" என்றார். ஈரச் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளை என்னிடம் மன்னிப்புக் கேட்கிறது.

சரி, மின்சாரம்தானே குற்றவாளி. பம்புக்கு ஒரு பற்றரி வாங்கினேன். யன்னல் கிடங்குக்கு மூடி போட்டேன். பீலித் தண்ணீரை நீளக் குழாய் போட்டு இரண்டு மீற்றர் தள்ளி விட்டேன். ஓவர்லாண்ட் காப்புறுதியும் கேட்டேன். இப்போது விலை வேறாம்.

ஒரு மாதம் முடிந்த மறுநாள், ஓகஸ்ட் 17. விமான நிலையத்தில் 128 மில்லிமீற்றர், 2013இன் கணக்கையும் தாண்டியது. நான் சொல்லுகிறேன், அன்றைக்கு என் வீட்டில் எல்லாம் வேலை செய்தது. வால்வு மூடிக்கொண்டது. பம்ப் ஓடியது. பற்றரி பச்சை விளக்குக் காட்டியது. யன்னல் மூடியில் மழை விழுந்து சத்தம் போட்டது, உள்ளே ஒரு துளி இல்லை. வெறும் சீமெந்துத் தரையில், அரைச்சுவர் வெட்டிய அறைக்குள், ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

அப்போது நிலத்து வடிகாலுக்குள் அந்த வாய் கொப்பளிப்புச் சத்தம்.

எனக்குக் கால் பதறியது. வால்வு போய்விட்டது, தெருக் கழிவு முழுவதும் வரப்போகிறது என்று நினைத்தேன். தண்ணீர் மெல்லக் கிளம்பித் தரையில் பரந்தது. கறுப்பாக இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. ரோச் லைற்றை அடித்துப் பார்த்தால் மேலே எண்ணெய் மினுக்கம், வானவில்போல. குனிந்து மணந்து பார்த்தேன். நல்லெண்ணெய். கூடவே சீயாக்காய். ஒரு தேசிக்காய்க் கோது சுற்றிக்கொண்டு வந்து என் காலடியில் நின்றது.

அன்று சனிக்கிழமை. எங்களோடு இருக்கிற மாமா மேலே எண்ணெய் தேய்த்து முழுகிக்கொண்டிருந்தார்.

மாமாவுக்கு எண்பத்திரண்டு வயது. கோப்பாயில் பிறந்தவர், இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடம், சனி முழுக்கை ஒருமுறையும் விட்டதில்லை. பிறகு பிளம்பரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். வால்வு மூடியிருக்கும்போது தெருத் தண்ணீர் உள்ளே வராது, அதேபோல் உங்கள் தண்ணீரும் வெளியே போகாது, மழை விடும்வரைக்கும் மேலே குளிக்கவோ உடுப்புத் தோய்க்கவோ ரொயிலெற் இழுக்கவோ கூடாது, இதை உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையா என்றார். வால்வைப் போட்டவரே அவர்தான்.

அந்தமுறை நான் காப்புறுதிக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. எந்த வாசலால் வந்தது என்று அந்தப் பிள்ளை கேட்டால் என்னவென்று சொல்லுவது?

ஊரில் ஒரு வருடத்துக்கு ஆயிரத்து இருநூறு மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். இங்கே எண்ணூறு வாக்கில்தான். மூன்றில் ஒரு பங்கு குறைவான மழைக்கு நான் பயந்து சாகிறேன் என்று ஐயாவிடம் சொல்ல முடியாது, அவர் இல்லை. நடுச்சாமத்தில் மழைச் சத்தம் கேட்டால் எழும்பி, ரோச் லைற்றோடு கீழே இறங்கிக் குழிக்குப் பக்கத்தில் நிற்பேன். பம்ப் ஓடினால் ஓடுகிறதே என்று பயம். ஓடாவிட்டால் ஏன் ஓடவில்லை என்று பயம். மனிசி மேலேயிருந்து, "அதைப் பாத்துக்கொண்டு நிண்டால் தண்ணி வராதோ?" என்று கேட்பாள். நியாயமான கேள்விதான். ஆனாலும் நிற்கிறேன்.

குளியலறைக் கதவில் ஒரு மட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: மழை நேரம் தண்ணி திறக்க வேண்டாம். மாமாவின் பேரப்பிள்ளைகள் வந்தால் அதைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். மாமா மாத்திரம் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டார். இப்போது சனிக்கிழமை காலையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து என் அறை வாசலில் நிற்பார். யன்னலால் வானத்தைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார்.

"தம்பி, இண்டைக்கு முழுகலாமோ?"

நான் கைத்தொலைபேசியைத் தட்டிப் பார்ப்பேன். போன சனி அது நாற்பது வீதம் காட்டியது. சொன்னேன்.

"நாப்பது எண்டால்?" என்றார் மாமா, கிண்ணத்தை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு. "எண்ணெய் வைக்கிறதோ, வைக்காமல் விடுறதோ?"